நம்ம வியாதி ஆடாது

இல்லை, அதனால் நீ சாகவில்லை. அக்காவிடம் உன்னைப் பற்றி இவ்வளவுதான் சொன்னேன் மச்சான். சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கு ஏறி வந்துவிட்டேன். பாதிப் பதில்தான் அது. மீதியைச் சொல்லவில்லை. உனக்கு எழுதினால் வெளியே வருமா என்று பார்க்கிறேன். உட்கார்ந்து எழுதுவது எனக்கு ஆகாது, உனக்கே தெரியும். தண்ணீர்த் தொட்டி மேல் தாளை வைத்து நின்றபடியே எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

காலையில் ஹரிணியை எழுப்பப் போனேன். அக்கா பெண், ரெண்டாம் வகுப்பு படிக்கிறாள். தலையணையை இழுத்தால் அடியில் ஒரு சாவிக்கொத்து. பீரோ சாவி, கேட்டு சாவி, எந்தப் பூட்டுக்கு என்று யாருக்குமே தெரியாத துருப்பிடித்த பெரிய சாவி ஒன்று. குழந்தையின் கன்னத்தில்கூட இரும்பு வாசனை ஒட்டியிருந்தது. அந்த வாசனை வந்தால் எனக்கு உன் மார்க்கெட் தெருதான் ஞாபகம் வரும்.

“இது எதுக்குக்கா இங்க?”

“இருக்கட்டும்டா. பக்கத்துல இரும்பு இருந்தா நல்லதாம்.”

“யார் சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்றாங்க.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “உன் ஃப்ரெண்டு இதுலதானேடா போனான்? அன்னைக்கு இரும்பு குடுக்க லேட் ஆயிடுச்சாமே?”

லேட் ஆயிடுச்சாம். வந்த கோபத்தில் அந்தச் சாவிக்கொத்தை ஜன்னல் வழியே எறிந்திருப்பேன். ஜன்னலில் கொசுவலை அடித்திருந்தது, பிழைத்தது.

விஷயம் இதுதான் மச்சான். உனக்கும் எனக்கும் இருந்த அதேதான் ஹரிணிக்கும் வந்திருக்கிறது. முதலில் கண்டுபிடித்தது நான்தான். அத்தானுக்கு வேலை புனேவில் என்பதால் அக்கா கொஞ்ச நாளாக முடிச்சூரில் எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஹரிணி, “மாமா, எனக்கு இன்னொரு” என்றாள். நின்றுவிட்டாள். கை அந்தரத்தில், கண் திறந்தபடி, இமை மட்டும் லேசாகப் படபடத்தது. அப்புறம், “தோசை, முறுகலா” என்றாள். நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி. அக்கா அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தாள், பார்க்கவே இல்லை. “அக்கா, இவள டாக்டர்கிட்ட காட்டணும்” என்றேன். “ஏன், தோசை கேட்டதுக்கா?” என்றாள்.

காட்டினோம். தலையில் பசை தடவி வயர் ஒட்டி எடுக்கிற டெஸ்ட்டும் எடுத்தார்கள். அதேதான். மாத்திரை ஆரம்பித்தாயிற்று. அக்கா யாரிடமும் சொல்லவில்லை, மாமியாரிடம்கூட. இப்போது பள்ளியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளைக்கு கவனமே இல்லை, எப்போதும் பகல் கனவு, அடுத்த வருஷமும் இதே வகுப்பில் உட்காரட்டும் என்கிறார்கள். இன்று ஒன்பது மணிக்குள் போய்ப் பேச வேண்டும். அக்கா தயாராக ஒரு பொய் வைத்திருக்கிறாள். பாப்பாவுக்கு ரத்தம் கம்மி, டானிக் கொடுக்கிறோம் என்று. உண்மையைச் சொல்லுக்கா என்று ஒரு வாரமாகச் சண்டை போடுகிறேன். அதற்குத்தான் இன்று காலையில் உன்னை எடுத்து என் முகத்தில் அடித்தாள்.

நேற்று ஹரிணி என்னிடம் கேட்டாள்: “மாமா, மிஸ் என்னைத் தூங்கறேன்னு திட்றாங்க. நான் தூங்கவே இல்லையே?” என்ன சொல்வாய் நீ? நான் அவளுக்கு ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டேன்.

உன்னை முதலில் பார்த்ததும் ஆஸ்பத்திரியில்தானே. சிட்டியில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி, மர பெஞ்சு, ஃபினாயில் நாற்றம். எனக்கு எதுவும் சொல்லாமல் அம்மா கூட்டி வந்திருந்தாள். நீ உள்ளே போய்விட்டு வந்த பெரிய மனுஷன். கையில் காகிதக் காத்தாடி. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே பாடம் எடுத்தாய்.

“பயப்படாதடா. ஊசி கெடையாது. காத்தாடிய ஊதச் சொல்வாங்க, மூச்சு வாங்குற வரைக்கும். நல்லா ஊதுனா மேடம் அத நம்மளுக்கே”

நின்றுவிட்டாய். என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய், ஆனால் நீ அங்கே இல்லை. இமை மட்டும் துடித்தது. காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“குடுத்துடுவாங்க” என்றாய்.

“உனக்கு என்னடா ஆச்சு?”

“என்ன ஆச்சு?”

“நீ நின்னுட்டே.”

“நீயும்தான் கொஞ்ச நேரம் முன்னாடி நின்னே. வாயத் தொறந்துகிட்டு. ஒரு ஈ உள்ள போய்ட்டு வந்திருக்கும்.”

அதுவரை எனக்கு வருவதை நான் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பது? வரும்போது நான்தான் இருக்க மாட்டேனே. உன் முகத்தில்தான் முதலில் பார்த்தேன். நான் இப்படித்தான் இருப்பேன் போல என்று தெரிந்தது. இதற்கா என்னைப் பள்ளியில் அடித்தார்கள் என்றும் தோன்றியது.

உன் அப்பா, பின்னால் நானும் அத்தா என்றே கூப்பிட்டவர், டாக்டரம்மாவிடம் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கதவு திறந்துதான் இருந்தது. “பெரியவனானா சரியாயிடுமா டாக்டரம்மா? அத மட்டும் சொல்லுங்க.”

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. “நெறைய பசங்களுக்கு வளர்ற வயசுல தானா நின்னுடும். எல்லாருக்கும்னு சொல்ல முடியாது பாய். சில பேருக்கு நிக்காம போகும், சில பேருக்கு வேற மாதிரி மாறும். நாம பாத்துகிட்டே இருக்கணும். மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது. இன்னொண்ணு, இது நின்னாலும் படிப்புல பின்தங்கலாம். பள்ளிக்கூடத்துல சொல்லிடுங்க. விட்டுப்போன பாடத்த அவங்க திருப்பிச் சொல்லிக் கொடுக்கணும்.”

போன மாதம் வேறு ஒரு டாக்டர் அக்காவிடம் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதே கடைசி வரி, அதே கடைசி வரியைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை.

அன்று நாம் எல்லாரும் ஒரே எலக்ட்ரிக் டிரெயினில் தாம்பரம் திரும்பினோம். நீயும் நானும் காத்தாடிக்குச் சண்டை. பெரியவர்கள் பேசவே இல்லை. குரோம்பேட்டை தாண்டும்போது அம்மா சொன்னாள், “ஸ்கூல்ல எல்லாம் சொல்ல வேணாம்னு பாக்கறேங்க.” உன் அத்தா உடனே தலையாட்டினார். “நானும் அதத்தாம்மா நெனச்சேன். பசங்க கேலி பண்ணுவாங்க.” அதற்கு முன் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. ரயில் தாம்பரம் வருவதற்குள் முடிவு எடுத்தாயிற்று. நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். மேலே ஒரு விமானம் இறங்கிப் போனது, அது போகும்வரை எதுவும் யோசிக்க முடியாது இங்கே.

உன் கடையை நினைத்துக்கொண்டேன். பலூன், கலர் காகிதம், பிறந்தநாள் தொப்பி, மெழுகுவத்தி. மார்க்கெட் தெருவில் மற்ற கடையெல்லாம் கத்தரிக்காயும் கருவாடும் விற்க, உங்கள் கடை மட்டும் எப்போதும் யாருக்கோ பிறந்தநாள் மாதிரி இருக்கும். பின்னால் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் நம் ஆஸ்பத்திரி. மூச்சு வாங்க ஊதினால் அது வரும் என்று டாக்டரம்மாவிடம் தெரிந்துகொண்டோம் அல்லவா, அதை வைத்து நீ ஒரு பரீட்சை கண்டுபிடித்தாய். எதிரெதிரே உட்கார்ந்து பலூன் ஊத வேண்டும். நடுவில் போகாமல் கட்டி முடித்தால் பாஸ். போய்விட்டால் பலூன் வாயிலிருந்து நழுவிக் கண்றாவியான சத்தத்தோடு கடை முழுக்கப் பறக்கும். ஒரு தடவை என் பலூன் நேராகப் போய் உன் அத்தா தொப்பியைத் தட்டிவிட்டது. ஒரு கஸ்டமர் அம்மா, “என்ன பாய், கடைக்குள்ளயே ராக்கெட் விடறீங்க?” என்றாள்.

“எவ்ளோ நேரம் போனேன்?” என்று கேட்பேன். “அரை பலூன் நேரம்” என்பாய். நமக்கு அதுதான் கணக்கு. கால் பலூன், அரை பலூன், முழு பலூன்.

ஏழாம் வகுப்பில் அடம்பிடித்து என் பெஞ்சுக்கு வந்தாய். வகுப்பில் நான் போய்விட்டுத் திரும்பும்போது விட்டுப்போனதை காதில் முணுமுணுப்பாய். “பானிபட்டு முடிஞ்சுது, இப்ப அக்பர்.” உனக்குப் போகும்போது நான் சொல்வேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் போனால் அக்பருக்கு என்ன ஆனது என்று தெரியாமலே போகும். சில நாள் உனக்குக் கொழுப்பு ஏறும். “சார் உன்ன எழுந்து நிக்கச் சொன்னாரு” என்பாய். எழுந்து நிற்பேன். சார், “என்னடா, எங்க கெளம்பிட்டே?” என்பார். வகுப்பே சிரிக்கும். நீ மட்டும் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக் குலுங்குவாய். வெளியே வந்ததும் உன்னை மைதானத்தைச் சுற்றித் துரத்துவேன். பிடித்ததே இல்லை.

சமூக அறிவியல் மிஸ் ஞாபகம் இருக்கிறதா? வேலூர்க்காரர், கையில் எப்போதும் ஸ்கேல். “என் மூஞ்சியப் பாத்துகிட்டே தூங்குற தைரியம் உனக்கு மட்டும்தான்டா இருக்கு” என்று என்னை வெளியே நிறுத்துவார். அவர்தான் இப்போது அங்கே சின்ன வகுப்புகளுக்கெல்லாம் பொறுப்பு. அக்கா இன்று போய்ப் பார்க்க வேண்டியது அவரைத்தான். ஹரிணியைச் சேர்த்திருப்பது அதே பள்ளி.

உனக்கு ஒன்பதாவதில் நின்றது. எனக்குப் பத்தாவது முடியும்போது. நீ மாத்திரையை நிறுத்திவிடப் பார்த்தாய், பலூன் பரீட்சையில் பாஸாகிவிட்டேன் என்று டாக்டரம்மாவிடமே சொன்னாய். “பலூன் சர்டிபிகேட்லாம் இங்க செல்லாது. நான் சொல்ற வரைக்கும் போடணும்” என்றார். அப்புறம் ரெண்டு வருஷம் ஒன்றும் வராமல் இருந்து, டெஸ்ட்டும் எடுத்து, அவரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். முதலில் உனக்கு, அப்புறம் எனக்கு. கடைசி நாள் ஸ்டேஷன் வாசலில் ஆளுக்கு ரெண்டு பரோட்டா. முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

உனக்கு முடிந்தது. நீ பி.காம் சேர்ந்தாய். சாயங்காலம் கடையையும் பார்த்தாய். நான் பாலிடெக்னிக்கில் ரெண்டாவது செமஸ்டர் தாண்டவில்லை. வகுப்பில் எல்லோரும் சாதாரணமாகப் போடுகிற கணக்கில் எனக்கு அடியில் ஒரு படிக்கட்டே இருக்காது. பின்னம் நடத்திய வருஷம் நான் பாதி நேரம் ஊரிலேயே இல்லை, யாரும் திருப்பிச் சொல்லித் தரவும் இல்லை. தெரிந்தால்தானே தருவார்கள். விட்டுவிட்டேன். பிரவுசிங் சென்டர், கூரியர், நாவலூர் அப்பார்ட்மென்ட்களுக்குத் தண்ணீர் கேன், ரீசார்ஜ் கடை. எதிலும் ஆறு மாதம் ஒட்டவில்லை. டீக்கடையில் நாம் போட்ட சண்டை அதற்குத்தான்.

“நின்னுடுச்சில்ல? அப்புறம் என்னடா உனக்கு?” என்றாய்.

“வியாதி நின்னுச்சு. பாடம் எனக்காக நிக்கலையே.”

“போனா போய்ப் புடி.”

“எங்க போய்ப் புடிக்க, இந்த வயசுல?”

“எனக்குத் தெரியாது. ஆனா எல்லாத்துக்கும் அது மேலயே பழி போடாத. அது பாவம், எப்பவோ போய்ச் சேர்ந்துடுச்சு. உன் கால் ரெண்டும்தான் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன். ரெண்டு நாள் பேசவில்லை. அப்புறம் நீயே வந்து பைக்கில் ஏறு என்றாய், ஏறினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டு இறங்கவில்லை. இதில் எவ்வளவு வியாதி, எவ்வளவு நான்? எந்த டெஸ்ட்டிலும் அது தெரியாது. எனக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது என்பதால்தான் உன்மேல் கோபம் வந்தது.

இனிமேல்தான் அக்காவிடம் சொல்லாததை எழுத வேண்டும்.

அந்த வருஷத்து மழை. முடிச்சூர் ஏரியா இல்லை, ஏரியாகவே ஆகிவிட்டது. நான் நாவலூரில் மாட்டிக்கொண்டேன். பஸ் இல்லை, கேன் குடோனிலேயே படுத்திருந்தேன். அத்தா கடைக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று மழை விட்டதும் நீ பார்க்கப் போயிருக்கிறாய். நல்ல பகல். முழங்கால் தண்ணீர். தெருவில் ஆள் இருந்தார்கள், அவரவர் கடையில் தண்ணீர் இறைத்துக்கொண்டு.

என்ன நடந்தது என்று எனக்குச் சொன்னது அஞ்சலை அக்கா. உங்கள் எதிர்க்கடை, காய்கறி. உனக்கு தினமும் ஒரு கேரட் எறிவாளே, அவள்தான். நான் மறுநாள் தண்ணீரில் நடந்து வந்தபோது கையில் துணி சுற்றிக்கொண்டு காலிக் கூடைமேல் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாபா சொல்றது. ஷட்டரத் தூக்கலாம்னு கைய வெச்சுது புள்ள. அப்டியே ஒட்டிக்கினு ஆடுது. ஒடம்பே ஆடுது. எல்லாரும், பாய் புள்ளைக்கு வலிப்பு வந்துகீது, இரும்பு குடுங்க, இரும்பு குடுங்கன்னு கத்தறானுங்க. ஒருத்தனும் கிட்ட போவல. நான்தான் எடைக்கல்லத் தூக்கினு ஓடுனேன், கைல வெச்சு அமுத்தலாம்னு. தொட்டனோ இல்லியோ, என்னியே தூக்கி அடிச்சிச்சு. அப்பாலதான் கரண்டுன்னு தெரிஞ்சுது. மெயின புடுங்கறதுக்குள்ள...”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

“எனக்கு இன்னாபா தெரியும்? வலிப்புன்னா ஆடும்னுதான தெரியும்? அதுக்குக் கீதுன்னு பாய்தான ஒரு வாட்டி சொன்னாரு.”

சொன்னார்தான். உன்னை தர்காவுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டி வந்த அன்று யாரோ எதற்கு என்று கேட்க, அந்த ஒரு வார்த்தையை மட்டும் வாய் தவறி விட்டார். அதற்குமேல் மறைத்துவிட்டார். அந்தத் தெருவுக்கு வார்த்தை தெரியும், உன்னைத் தெரியாது. அத்தனை வருஷம் அவர்கள் கண் முன்னாலேயே நீ நின்று, போய், திரும்பி வந்திருக்கிறாய். பையன் ஏதோ யோசிக்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். நம்ம வியாதி ஆடாது மச்சான். உனக்கு ஒரு தடவைகூட ஆடினதில்லை, எனக்கும் இல்லை. அது நின்றே பல வருஷம் ஆகிவிட்டது. அந்தத் தெருவில் ஒரே ஒரு ஆளுக்கு அது தெரிந்திருந்தால், இவனுக்கு ஆடாதே என்று நினைத்து மேலே வயரைப் பார்த்திருப்பான். உடனே மெயினை இறக்கியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்றால், தெரியாது. ஆனால் இரும்பைத் தேடிய நேரம் உன்னுடைய நேரம்.

அஞ்சலை அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தனை ஆம்பிளைகள் கத்திக்கொண்டு நிற்க ஓடி வந்தவள் அவள் ஒருத்திதான். அவளும் செத்திருப்பாள்.

உன்னை அடக்கம் செய்துவிட்டுக் கபர்ஸ்தானிலிருந்து திரும்பும்போது உன் அத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மின்வாரிய ஆள் வந்து பார்த்து, ஷட்டரில் கரண்டு இறங்கியது என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். இருந்தும் கேட்டார். “மாத்திரைய நிறுத்தாம இருந்திருக்கணுமோ தினேஷு?”

“அத்தா, இது அது இல்ல அத்தா.”

“ம்” என்றார். நம்பவில்லை. ஒரு மாதத்தில் தெருவும் கதையைச் சரிசெய்துகொண்டது. வலிப்பு வந்தது, இரும்பு கொடுக்க லேட் ஆகிவிட்டது. கரண்டு கதையிலிருந்தே போய்விட்டது.

இதற்கு நடுவில் அக்கா மேலே வந்தாள், யூனிஃபார்மைக் கொடியில் போட. நான் எழுதுவதைப் பார்த்து, “என்னடா, அதிசயமா பேனா புடிச்சிருக்கே?” என்றாள். அப்போதுதான் சொன்னேன். நின்றுகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், ஷட்டர், எடைக்கல், எல்லாம். துணி பிழிந்த தண்ணீர் அவள் காலடியில் சொட்டிக்கொண்டே இருந்தது.

“ஏன்டா இவ்ளோ நாள் சொல்லல?”

“யாரும் கேக்கல. எல்லாருக்கும்தான் ஏற்கனவே தெரிஞ்சிருந்துச்சே.”

கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். “மிஸ்கிட்ட என்னன்னுடா சொல்றது? அந்தப் பேரச் சொன்னாலே மத்த பிள்ளைங்கள எழுப்பி வேற பெஞ்சுல ஒக்கார வெச்சிடுவாங்க.”

“பேர மட்டும் சொன்னா அப்படித்தான் பண்ணுவாங்க. அதோட விடாத. முழுசா சொல்லு. எப்படி வரும், எவ்ளோ நேரம் இருக்கும், வந்தா என்ன பண்ணணும், என்ன பண்ணக் கூடாது. திரும்பி வந்ததும் விட்டுப்போனத ஒரு தடவ சொல்லச் சொல்லு. நாளைக்கு அவளுக்கு வேற எது வந்தாலும், இது அது இல்லைன்னு அவங்களுக்குத் தெரியணும்க்கா.”

“எனக்குப் பாதியிலயே அழுகை வந்துடும். நீ வந்து சொல்லு.”

“நானா? அந்த ஸ்கூல்லயா?” என்றேன். “அக்கா, என்னைப் பாரு. அந்த மிஸ்ஸுக்கு என்னைத் தெரியும். படிப்ப விட்டவன், வேலை நிக்காதவன். இந்த வியாதி வந்தா கடைசில இப்படித்தான் ஆகும்போலன்னு நெனப்பாங்க. ஹரிணிய அப்பவே ஃபெயில் பண்ணிடுவாங்க.”

அக்கா யூனிஃபார்மைக் கொடியில் போட்டு கிளிப் மாட்டினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

“நெனச்சா நெனச்சுக்கட்டும். ஆனா ஏன் படிப்பு போச்சுன்னு நீ அங்க சொல்லணும். யாரும் சொல்லாததால போச்சுன்னு சொல்லு. அவங்களுக்கும் அதுல பங்கு இருக்குல்ல.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இது வந்து, நின்னு, முழுசா வளர்ந்த ஆளுன்னு காட்டறதுக்கு வேற யாருடா இருக்கா எனக்கு?”

வேறு யாரும் இல்லை. காட்ட வேண்டியவன் நீ. பி.காம், கடை, வாய் நிறைய கிண்டல். உன்னை அந்த மிஸ் முன்னால் நிறுத்தியிருந்தால் போதும், நான் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. நீ இல்லை. அதனால் நான் போக வேண்டும். இதில் எனக்கு உன்மேல் கொஞ்சம் கோபம்தான், என்ன செய்ய.

ஒன்று தெரியுமா? எனக்கு இது இருந்தது என்று நான் உன்னைத் தவிர யாரிடமும் என் வாயால் சொன்னதில்லை. பாலிடெக்னிக்கில் சொல்லவில்லை, வேலை பார்த்த எந்த இடத்திலும் சொல்லவில்லை. இப்போது அக்கா கீழே போனதும் ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். “மிஸ், எனக்கும் இருந்துச்சு.” பக்கத்து மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அங்கிள் திரும்பிப் பார்த்தார்.

“யார்கிட்டப்பா பேசறே?”

“ஃப்ரெண்டுகிட்ட சார்.”

“கைல ஃபோனையே காணோமே?”

சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுச் செடிப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. குரல்தான் கொஞ்சம் நடுங்கியது, அது பழகிவிடும்.

முதல் வாக்கியம் தயார். மிச்சம் எப்படி வரும் என்று தெரியாது. மிஸ் ஸ்கேலைத் தூக்கினாலும் இந்தத் தடவை வெளியே போகப் போவதில்லை, சொல்லி முடிக்கும்வரை அவர் மேஜை முன்னாலேயே நிற்பேன். கால் நிற்குமா என்று கேட்பாய். நிற்க வைத்துப் பார்க்கிறேன்.

சட்டையை இஸ்திரி போடவில்லை. ஹரிணி ஷூ போட்டுவிட்டாள் போல, படிக்கட்டில் தட்தட்டென்று சத்தம். “மாமா, நீயும் ஸ்கூலுக்கு வர்றியா? எந்தக் கிளாஸ்?” என்கிறாள். அக்கா ஸ்கூட்டியைக் கேட்டுக்கு வெளியே எடுத்துவிட்டாள், ஹாரன் அடிக்கிறாள். போகணும்டா.